டாக்டரைக் கேளுங்க: ஒரே நெஞ்சு, ரெண்டு ரிப்போர்ட்

கேள்வி: டாக்டர் சார், என் வீட்டுக்காரருக்கு 46 வயசு, 15 வருஷமா ஆஸ்துமா. தை மாசம் சிடி எடுத்தப்ப மூச்சுக்குழாய் சுவர் தடிச்சிருக்குன்னு எழுதிட்டாங்க, சித்திரைல வேற சென்டர்ல எடுத்தா அப்படி ஒன்னுமே இல்லையாம். இன்ஹேலர்ல சரியாயிடுச்சா, இல்ல யாராச்சும் தப்பா எழுதிட்டாங்களா? ரெண்டு ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்கேன்.
- வாசகி, ஈரோடு

பதில்: ரெண்டு பேரும் கண்ணுல தெரிஞ்சததாம்மா எழுதியிருக்காங்க, ஆனா அவங்க பாத்த படம் வேற வேற. மொத ரிப்போர்ட்ல மேல பொடி எழுத்துல பாருங்க, 5 மிமீ ஸ்லைஸ்னு இருக்கு, ரெண்டாவதுல 1 மிமீ. ஸ்லைஸ்னா நெஞ்ச குறுக்கா வெட்டி காட்டற ஒவ்வொரு துண்டோட கனம். பாதி விஷயம் அங்கயே இருக்கு.

நாம பாக்கற சுவரே ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். 35 சென்டிமீட்டர் நெஞ்ச படத்துல 512 புள்ளியா பிரிச்சா ஒரு புள்ளி கிட்டத்தட்ட 0.7 மிமீ, அப்ப சுவர் மேல விழறது ரெண்டு புள்ளிதான், அதுலயும் மெஷின் எந்த கோட்டையும் கொஞ்சம் கலங்கலாத்தான் காட்டும். ஈரம் காயாத வாசல்ல கோலம் போட்டா கோடு ஊறி தடிச்சு நடுவுல இருக்கற எடம் குறுகிடுமில்ல, அதே கததான், சுவர் தடியாவும் துவாரம் சின்னதாவும் தெரியும், குழாய் சிறுசாக சிறுசாக தப்பு பெருசாகும். குழாய் சாஞ்சு ஓடுனா இன்னும் மோசம். வெண்டைக்காய சாய்வா நறுக்குனா வட்டம் போயி தோலும் அகலமாயிடும்ல, அந்த மாதிரி, 5 மிமீ கனத்துல அதெல்லாம் ஒன்னா கலந்து ஒரே பட்டையா தெரியும்.

அதனாலதான் ஆராய்ச்சில அளக்கறவங்க ரொம்ப நாளா வலது நுரையீரல் மேல்மடலோட உச்சிக்கு போற ஒரே கிளைய புடிச்சு அளந்தாங்க, ஆர்பி1ம்பாங்க, அது படத்துக்கு ஓரளவு நேர்குத்தா ஓடும். இப்ப சாஃப்ட்வேரே குழாயோட நடுக்கோட்ட தேடி அதுக்கு குறுக்கா வெட்டி அளக்குது. அதுக்கு முன்னாடி, கனம் தெரிஞ்ச பிளாஸ்டிக் குழாய மெஷின்ல வச்சு எடுத்து, எவ்ளோ கூட்டி காட்டுதுன்னு பாத்து சரிபண்ணிக்குவாங்க. நம்ம தெருமுனை சென்டர்ல இதெல்லாம் எதிர்பாக்க முடியாது, அவங்க வேலையும் அது இல்ல.

அப்புறம் மூச்சு. இத வீட்லயும் கேக்க மாட்டாங்க, ரிப்போர்ட்லயும் எழுத மாட்டாங்க. முழுசா இழுத்தா குழாய் விரியும், பாதி இழுத்தா சுருங்கும். என்கிட்ட வந்த ஒருத்தர், நல்லா இழுத்தா இருமல் வந்துடுமேன்னு பயந்து சும்மா பேருக்கு இழுத்துட்டு படுத்திருக்காரு. படத்துல பெரிய மூச்சுக்குழலோட பின்சுவர் உள்பக்கமா வளைஞ்சு நிக்குது, அத பாத்ததும் மனுஷன் மூச்ச உள்ள புடிக்காம வெளிய விட்டுட்டாருன்னு புரிஞ்சுபோச்சு, அந்த படத்துல சுவர் கனம் பேசறதே வீண்.

ஆக, உங்க ரெண்டு படத்த வச்சு இன்ஹேலர் கேட்டுச்சா கேக்கலையான்னு சொல்ல முடியாதும்மா. ஒப்பிடணும்னா அதே மெஷின், அதே ஸ்லைஸ், அதே செட்டிங், அதே அளவு மூச்சு வேணும். அதுக்காக மூணாவது தடவ ஓடாதீங்க, நெஞ்சு எக்ஸ்ரேல ஒடம்புல படற கதிர்வீச்சு 0.1 மில்லிசீவர்ட்னா சாதாரண சிடில அஞ்சாறு மில்லிசீவர்ட் வரும். ராத்திரி இருமல் கொறஞ்சுதா, மூச்சு எவ்ளோ வேகமா, எவ்ளோ வெளிய வருதுன்னு அளக்கற ஸ்பைரோமெட்ரில ஊதுனா நம்பர் ஏறிச்சா, அத எழுதுங்க.

கேள்வி: போட்டான் கவுன்ட்டிங் சிடின்னு புதுசா வந்திருக்காமே, அதுல ஆஸ்துமா துல்லியமா தெரியுமா?
- வாசகர், மதுரை

பதில்: எக்ஸ்ரே துகள ஒன்னொன்னா எண்ணி படம் போடற, 2021ல அமெரிக்கால அனுமதி கெடச்ச மெஷின், 0.2 மிமீ ஸ்லைஸ் வரைக்கும் எடுக்கும், அதனால சுவர் கனம் நெசத்துக்கு இன்னும் கிட்ட வரும். ஆனா ஆஸ்துமாவ உறுதிபண்ண சிடியே தேவையில்ல சார், மருந்து குடுத்தும் அடங்காத கேஸ்ல சளி அடைச்சிருக்கா, வேற ஏதாச்சும் இருக்கான்னு பாக்கத்தான் நாங்க எழுதறோம். அந்த மெஷின்லயும் மூச்ச நீங்கதான் புடிக்கணும்.