புதுக் கேஸ் விளக்கு வாங்கலாமா, பழசைத் தேடலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்குத் தூக்கிப் போக இணையத்தில் இரண்டு கேஸ் விளக்குகள் வாங்கினோம். பார்க்க அப்படியே பழைய பெட்ரோமாக்ஸ். ஆனால் ஒன்றில் பம்பு அடித்து வைத்தால் கால் மணி நேரத்தில் அழுத்தம் காட்டும் முள் இறங்கிவிடுகிறது. இன்னொன்று எரிகிறது, வெளிச்சம் மங்கல். போதாததற்குத் திருகுச் சக்கரத்துப் பக்கம் மண்ணெண்ணெய் கசிந்து தீப்பிடித்து, ஈரச் சாக்கு போட்டு அணைத்தோம். அப்பா காலத்து விளக்கு ஒரு தலைமுறை உழைத்தது. இப்போது வருவது ஏன் இப்படி? சரிசெய்யலாமா, தூக்கிப் போட்டுவிட்டுப் பழசைத் தேடுவதா? (கோயில் பொறுப்பாளர், சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: முதலில் அந்த இரண்டாவது விளக்கைக் கசிவு நிற்கும்வரை ஏற்றாதீர்கள் ஐயா. ஊர்வலத்தில் அதைத் தலையில் வைத்துப் போகிறவரை நினைத்துப் பாருங்கள், பக்கத்திலேயே பாவாடை கட்டிய பிள்ளைகளும் நடக்கும்.

இனி 'ஏன்' என்ற கேள்விக்கு வருகிறேன். விளக்கின் அமைப்பு மாறவே இல்லை. பெர்லினில் எஹ்ரிச் அண்டு கிரேட்ஸ் கம்பெனி செய்து உலகம் முழுக்க அனுப்பிய அதே வடிவம்தான் இன்றும். அடியில் தொட்டி, பம்பு, அழுத்தம் காட்டும் முள், எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக்கும் குழாய், அதன் முனையில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை, மேலே சூட்டில் ஒளிரும் வலைப்பையான மேண்டில். போர்ச்சுக்கல், இந்தியா, சீனா என்று பல நாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள், அவற்றிலும் நல்ல விளக்குகள் இருந்தன. அதனால் 'சீனாவில் செய்தது, அதனால் மட்டம்' என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊர்ச் சந்தைகளில் ராத்திரி ராத்திரியாக எரிந்த பட்டர்பிளை விளக்கும் சீனச் சரக்குதானே?

மாறியது வாங்குகிற ஆள். அப்போது பாசார் மாலாம் (இரவுச் சந்தை) வியாபாரியும் மீன்பிடிக்கிறவரும் தினம் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் பம்பு போனால் கடைக்காரத் தவுக்கே முன்னால் போய்ச் சத்தம் போடுவார்கள், தவுக்கே அடுத்த தடவை அந்தச் சரக்கை எடுக்க மாட்டார். இன்று வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கூடாரம் போடப் போகிறவர்கள், மீதிப் பேர் காப்பிக் கடையில் அலங்காரத்துக்குத் தொங்கவிடுகிறவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ ஏற்றினால் அதிகம். அவர்கள் பார்ப்பது பளபளப்பை, அதனால் பளபளப்பு குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கை வைக்கிறார்கள்: தகட்டின் கனம், மரை வெட்டிய சுத்தம், ஈயப்பற்று, வாஷர், துளையின் அளவு.

தொட்டியிலிருந்து தொடங்குங்கள். நல்ல விளக்கின் தொட்டி பித்தளை, மேலே நிக்கல் அல்லது குரோம் பூச்சு. மலிவானவற்றில் சில இரும்புத் தகட்டில் பூச்சு போட்டு வருகின்றன. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும், துருத்தூள் போய்த் துளையை அடைக்கும். ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். நிக்கல் பூச்சு இலேசாக இழுக்கலாம், ஆனால் டக்கென்று ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்புதான். தொட்டி இரும்பாக இருந்தாலோ, ஒட்டிய இடத்தில் வியர்த்தாலோ, அந்த விளக்குக்கு ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள். மற்ற எதையும் மாற்றலாம், தொட்டியை மாற்ற முடியாது.

முள் இறங்கும் விளக்குக்கு: தீப்பெட்டியைத் தூர வைத்துவிட்டு, முக்கால் தொட்டி மண்ணெண்ணெய் ஊற்றி, முள் சிவப்புக் கோட்டுக்கு வரும்வரை அடியுங்கள். எண்ணெய் மூடி, முள் இருக்கும் மூடி, குழாய் தொட்டியில் இறங்கும் இடம், எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும் இடத்தில் காற்று போகிறது. பெரும்பாலும் மூடி வாஷர்தான். குமிழியே இல்லை, ஆனால் பம்பின் கைப்பிடி தானாக மேலே எழும்புகிறதா? அப்படியானால் பம்பின் அடியில் இருக்கும் சின்ன வால்வு காற்றை உள்ளே பிடித்து வைக்கவில்லை. அதற்குள் ஒரு ரப்பர்ப் பொட்டு உண்டு. இங்கேதான் வேடிக்கை, பால்மரத்து ஊரில் இருந்துகொண்டு சொல்ல வேண்டியிருக்கிறது, இயற்கை ரப்பர் இதற்கு ஆகாது. மண்ணெண்ணெயில் ஊறி வீங்கிப் பிசுபிசுத்துப் போகும். மலிவு விளக்குகளில் எந்த ரப்பரைப் போடுகிறார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஹார்ட்வேர் கடையில் நைட்ரைல் (எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர்) என்று கேட்டு வாங்குங்கள், அல்லது நல்ல கம்பெனியின் உதிரிப் பாகமாகவே வரவழையுங்கள்.

பம்பில் அடிக்கும்போது எதிர்ப்பே தெரியாவிட்டால் அது வேறு கதை, உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்திருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, விளிம்பை விரலால் விரித்துவிட்டுப் போடுங்கள். பெட்டியில் மாதக் கணக்கில் கிடந்த புது விளக்கிலும் இது நடக்கும், இதை வைத்து விளக்கைத் திட்டாதீர்கள்.

தீப்பிடித்ததற்குக் காரணம் திருகுச் சக்கரத்தின் தண்டைச் சுற்றியுள்ள கிராபைட் அடைப்பு. பழைய விளக்கிலும் இது தளரும். அங்கே இருக்கும் நட்டைக் கால் சுற்று முறுக்கினால் நின்றுவிடும். புதியவற்றில் அடைப்பே அரைகுறையாக இருக்கிறது, மரையும் சொத்தையாக இருந்தால் முறுக்க முறுக்க வழுக்கும். அப்படி வழுக்கினால் சரிசெய்யப் போராடாமல் திருப்பி அனுப்புங்கள்.

இன்னொன்று, வெளிச்சம் மங்கல் என்பதற்கு எப்போதும் விளக்கு காரணமில்லை. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் கண்டுபிடித்த மேண்டிலில் 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம் என்ற கலவைதான் அந்த வெள்ளை வெளிச்சத்தைக் கொடுத்தது. தோரியம் கதிரியக்கம் உள்ளது என்பதால் பல கம்பெனிகள் இட்ரியத்துக்கு மாறிவிட்டன. பழைய வெளிச்சத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு புது மேண்டிலைப் பார்த்தால் கொஞ்சம் சோகையாகத்தான் தெரியும். அப்புறம், குழாயடிக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி எரித்துச் சூடாக்குவதில் அவசரப்பட்டாலும் மஞ்சள் சுடர்தான் வரும். முதல் கிண்ணம் எரிந்து முடிந்ததும் குழாய் போதிய சூடாகவில்லை என்று தோன்றினால், அது ஆறிய பிறகு இன்னொரு கிண்ணம் ஊற்றுங்கள், எரிகிற கிண்ணத்தில் ஊற்ற வேண்டாம்.

என் தீர்ப்பு: ஊர்வலத்துக்குப் பழைய பித்தளை விளக்கு ஒன்றைத் தேடி, வாஷர், தோல், மேண்டில் எல்லாம் புதிதாகப் போட்டுக்கொள்வது நல்லது. உங்கள் முதல் விளக்கு காந்தச் சோதனையில் தேறினால் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: திருப்பித் தருகிறேன் என்றால் விற்றவர் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே போட்டிருக்கிறேன்' என்கிறார். (அதே வாசகர்)

பதில்: பில்லில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொடுக்கும் உரிமையை அந்த வரி அழிக்காது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் உத்தரவாதம். தீப்பிடிக்கிற விளக்கு அதில் எப்படித் தேறும்? ஆனால் தாமதிக்காதீர்கள். நியாயமான காலத்துக்குள் சொல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை நழுவும். திருவிழா முடிந்து அடுத்த வருஷம் போய் நின்றால் வாதாடுவது கஷ்டம்.

கசிவையும் கருகிய இடத்தையும் படம் எடுங்கள், விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் என்றாலும் சரி. மசியவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் மட்டும் இந்த வழி பெரிதாக உதவாது. அப்போது வாங்கிய தளத்தின் புகார்க் கெடு முடிவதற்குள், 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானை அமுக்காமல், பணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் கேஸ் விளக்கு பார்த்தேன். எதைப் பார்த்து வாங்குவது? (ஓய்வுபெற்ற ஆசிரியை, தாப்பா)

பதில்: டீச்சர், துடைத்து மினுக்கியதை விடுங்கள், அழுக்காக இருப்பதை எடுங்கள். மினுக்குகிறவர்கள் ஈயப்பற்று வைத்த இடத்தையும் சேர்த்து மறைத்துவிடுவார்கள். தொட்டியைக் குலுக்கிப் பாருங்கள், கலகலவென்றால் வேண்டாம். பம்புக் கம்பி நேராக இருக்கிறதா, சக்கரத்தைத் திருப்பினால் துளையில் ஊசி எட்டிப் பார்க்கிறதா, எண்ணெய் மூடியின் மரை சுத்தமா, இவை போதும். கண்ணாடி உடைந்திருந்தால் கவலை வேண்டாம், விலையைக் குறைக்க அதுவே சாக்கு. மேலே எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் உள்ளே வேறு கம்பெனியின் உறுப்புகள் கலந்திருக்கும், அதனால் பெயருக்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எல்.இ.டி. விளக்கு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? (பெயர் தரவில்லை)

பதில்: மின்சாரம் போகும் ராத்திரிக்கு என்றால் எதற்கும் இல்லை, எல்.இ.டி.யே வாங்குங்கள். மூடிய அறைக்குள் கேஸ் விளக்கு எரிப்பது ஆபத்தும்கூட. கோயில்காரர்களுக்கு அந்த உஸ்ஸென்ற சத்தம் வேண்டும், அது எல்.இ.டி.யில் வராது.