விண்மீனுக்குள் என்ன நடக்கிறது? கேள்வி பதில்

நாகர்கோவில் வான்நோக்குக் கூட்டத்துக்கு வந்தவர்களும் வர முடியாமல் போனவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. விண்மீனின் உட்புறமும் அதன் வாழ்க்கையும் மட்டும்தான் இன்றைக்கு. அதற்கு முன் ஒன்று: கன்னியாகுமரியில் சூரியன் மறைகிற நேரத்தில், செக்கச்செவேல் என்று இருக்கிறதே என்று பைனாகுலரை அதன் பக்கம் திருப்பாதீர்கள். கண் போய்விடும்.

தக்கலை, பிளஸ் டூ மாணவி: சார், சூரியனின் மையத்தில் 1.5 கோடி டிகிரி. ஹைட்ரஜன் குண்டு மாதிரி ஏன் ஒரேயடியாக வெடிக்கவில்லை?

அருமையான கேள்வி மக்களே. ஹைட்ரஜனின் அணுக்கருதான் புரோட்டான். புரோட்டான்கள் இணைந்தால்தான் ஆற்றல் வரும், ஆனால் அவை ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தடையை நேராகத் தாண்ட 1.5 கோடி டிகிரி போதவே போதாது. குவாண்டம் விதிப்படி, தாண்டாமலே ஊடுருவிப் போக ஒரு சிறு வாய்ப்பு உண்டு. இந்த ஊடுருவலை 1928-இல் இயற்பியலாளர் காமோவ் கணக்குப்போட்டுக் காட்டினார். உள்ளே போன பிறகும் அந்த நொடியிலேயே ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறினால்தான் ஆச்சு, அது அதைவிட அரிது. அதனால் ஒரு புரோட்டான் தன் முறைக்காகச் சராசரியாக 1000 கோடி ஆண்டு அளவுக்குக் காத்திருக்கிறது. குண்டில் போடுவது சட்டென்று இணைகிற வேறு வகை ஹைட்ரஜன். சூரிய மையத்தில் ஒரு கன மீட்டரில் உண்டாகும் வெப்பம் 300 வாட்டுக்கும் குறைவு, நம் வாழைத்தோட்டத்து உரக்குழியின் சூடு அவ்வளவுதான் இருக்கும். ஆனால் சூரியன் அவ்வளவு பெரிது, மொத்தமாகப் பார்த்தால் விநாடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியம் ஆகிறது. இணைவு கொஞ்சம் கூடினால் மையம் விரியும், விரிந்தால் குளிரும், இணைவு தானே குறையும்.

குளச்சல்: சூரியன் ஒருநாள் வெடிக்குமா?

வெடிக்காது, எடை போதாது. இன்னும் 500 கோடி ஆண்டு வாக்கில் செம்பெரு விண்மீனாக ஊதி, வெளி அடுக்குகளை உதிர்த்துவிட்டு வெண்குள்ளனாக, அதாவது எரிபொருள் தீர்ந்து இறுகிய சிறு மையமாக மிஞ்சும்.

முட்டம்: அகத்தியர் நட்சத்திரம் வடக்கே இருப்பவர்களுக்கு ஏன் சரியாகத் தெரிவதில்லை?

அது வானத்தின் தென்பகுதியில் இருக்கிறது. நமக்குத் தென்வானில் 29 டிகிரி உயரம் வரை ஏறும், டெல்லியில் 9 டிகிரிதான். பிப்ரவரி தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்குக் கடல் பக்கம் பாருங்கள். சூரியனைவிடப் பல மடங்கு எடை கொண்டது, மையத்து ஹைட்ரஜனைத் தீர்த்துவிட்டது.

குலசேகரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, எரிபொருள் தீர்ந்தால் மையம் இன்னும் சூடாகும் என்று கூட்டத்தில் சொன்னீர்கள். வெப்பத்தை இழக்கிற பொருள் ஆறத்தானே செய்யும்? வெப்ப இயக்கவியல் நடத்தியவன் நான், ஒத்துக்கொள்ள முடியாது.

ஐயா, தன் ஈர்ப்பால் தன்னையே பிடித்து வைத்திருக்கிற வாயு உருண்டைக்குக் கணக்கு வேறு. அது வெப்பத்தை இழந்தால் சுருங்கும், சுருங்கும்போது ஈர்ப்பு ஆற்றல் வெளிப்படும். அதில் பாதி ஒளியாக வெளியேறும், மீதிப் பாதி உள்ளேயே வெப்பமாகத் தங்கும். ஆக, இழக்க இழக்கச் சூடு ஏறும். மேல் காற்றில் உரசி ஆற்றலை இழக்கும் செயற்கைக்கோள் கீழே இறங்கி முன்னைவிட வேகமாகச் சுற்றுகிறதே, அதே கணக்குதான்.

மறுபடியும் அவரே: அப்படியென்றால் இணைவே தேவையில்லையா?

சூரியன் ஒளிர்வதற்கு மட்டும் என்றால் தேவையில்லை! இன்றைக்கே இணைவு நின்றாலும் சூரியன் மெல்லச் சுருங்கியபடி கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒளிரும். கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்சும் 19-ஆம் நூற்றாண்டில் இப்படித்தான் கணக்கிட்டார்கள், சுமார் 3 கோடி ஆண்டு வந்தது. பூமியின் பாறைகளுக்கு அந்த வயது போதவில்லை. இணைவு செய்கிற வேலை அந்தச் சுருக்கத்தை நிறுத்தி வைப்பது. சூரியன் சூடாக இருப்பதற்குக் காரணம் ஈர்ப்பு, இவ்வளவு காலம் அப்படியே நிற்பதற்குக் காரணம் இணைவு. பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மார்த்தாண்டம்: ஆசிரியர் சொல்வதுதான் சரி. வெண்குள்ளன் ஆறிக்கொண்டேதானே போகிறது?

அங்கே நீங்கள் இருவரும் சொல்வது சரி. வெண்குள்ளனில் எலெக்ட்ரான்கள் இதற்குமேல் நெருங்க முடியாத அளவுக்கு நெருக்கப்பட்டிருக்கின்றன, அந்த அழுத்தத்துக்கு வெப்பம் தேவையே இல்லை. அதனால் சுருங்காமலே ஆறும். ஆனால் சுமார் 1.4 சூரிய எடைக்கு மேல் அந்த அழுத்தமும் தாங்காது. 1930-இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குப் போகிற கப்பலில் 19 வயது சந்திரசேகர் போட்ட கணக்கு அது.

இரணியல்: சூரியன் எப்போது வெடிக்கும்?

குளச்சல்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திங்கள்சந்தை: என் நட்சத்திரம் கேட்டை. அது வெடித்தால் எனக்கு ஆகாதா?

ஜாதகம் என் துறை இல்லை. கேட்டை நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்கும் சிவப்பு மீப்பெரு விண்மீன், வெடித்தாலும் இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஆரல்வாய்மொழி: திருவாதிரை நாளைக்கே வெடிக்கப்போகிறது என்று வீடியோ வந்ததே?

நம்பாதீர்கள். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது மங்கியதற்குக் காரணம் அதுவே உமிழ்ந்த தூசு. வெடிக்கும், ஒரு லட்சம் ஆண்டுக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மாதிரிப் பெரிய விண்மீன்களின் கடைசிக் காலம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 25 சூரிய எடையுள்ள ஒன்றை எடுத்துக்கொண்டால் ஹைட்ரஜன் சுமார் 70 லட்சம் ஆண்டு வரும், கார்பன் சில நூறு ஆண்டு, ஆக்சிஜன் சில மாதம், சிலிக்கான் ஒரே நாள்! மையம் அவ்வளவு சூடேறிய பிறகு ஆற்றலை நியூட்ரினோக்கள் (எதிலும் எளிதில் சிக்காத நுண்துகள்கள்) நேராக வெளியே அள்ளிக்கொண்டு போகின்றன, அந்த இழப்பை ஈடுகட்ட இணைவு தலைதெறிக்க ஓட வேண்டியிருக்கிறது. கடைசியில் இரும்பு. அதை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, செலவுதான். மையம் ஒரு விநாடிக்குள் இடிந்து விழுகிறது. 1987-இல் அடுத்த விண்மீன் மண்டலத்தில் ஒன்று வெடித்தபோது, ஒளி வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் முன்பே நியூட்ரினோக்கள் பூமியில் பதிவாகின.

கருங்கல்: ஆதித்யா எல்1 சூரியனுக்குள் பார்க்குமா?

இல்லை, இஸ்ரோவின் அந்த விண்கலம் பார்ப்பது மேலடுக்குகளையும், சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவையும். உள்ளே அறிய நியூட்ரினோவும், சூரியப் பரப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிற அதிர்வும்தான் வழி. உதய்ப்பூரில் அந்த அதிர்வை அளக்கிறார்கள்.

கொட்டாரம்: சூரியன் மறையும்போது பைனாகுலரில் ஒரு நொடி பார்த்தால்கூடவா?

ஒரு நொடிகூட வேண்டாம்.