எந்த வாசலை மறிப்பது?

வணக்கம் ஐயா,

நான் கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்தவன். அப்பா லாரி ஓட்டுகிறார். இபிஎஃப் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மீதிக்குக் கடன் வாங்கி, என்னை அமெரிக்காவுக்குப் பொறியியல் படிக்க அனுப்பினார். 2024 ஏப்ரலில், என் கடைசிப் பருவத்தில், காஸா போரை எதிர்த்து எங்கள் வளாகத்தில் கூடாரம் போட்டார்கள். முதலில் நானும் நின்று கேட்டேன். அப்புறம் நூலகத்துக்குப் போகும் பாதையில் கைகோத்து நின்றுகொண்டு, ‘நீ எங்கள் பக்கமா?’ என்று கேட்டுத்தான் உள்ளே விட்டார்கள். ஆய்வுக்கூடத்தைப் பூட்டினார்கள். தேர்வு இணையத்துக்குப் போனது. கடைசியில் பட்டமளிப்பு விழாவே ரத்து. அதற்கென்றே முதல்முறையாகக் கடப்பிதழ் எடுத்து, டிக்கெட்டும் போட்டிருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதினேன். ‘அங்கே பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், உனக்குப் பட்டமளிப்பு கேட்குதா?’ என்றான் ஒருவன். ‘நீ இஸ்ரேல் ஆளா?’ என்றான் இன்னொருவன். செத்தவர்களை நினைத்து நானும் அழுதிருக்கிறேன் ஐயா. ஆனால் யோசித்துப் பார்த்தால், நம் மலேசியாவில் அவுக்கு என்ற பல்கலைக்கழகச் சட்டம் போட்டு மாணவர்களை அடக்கி வைத்ததே நல்லது என்று தோன்றுகிறது. படிக்க வந்தவன் படிக்கட்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இப்போது கோலாலம்பூரில்தான் வேலை. அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் கூட்டம் என்றால் நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். போவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

வி.

அன்புள்ள வி.,

உங்கள் கோபத்துக்காக யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை. காஸாவில் செத்த பிள்ளையையும் உங்கள் அம்மாவின் விமான டிக்கெட்டையும் ஒரே தராசில் வைத்தவர் உங்கள் நண்பர்தான். அந்தத் தராசில் எதை வைத்தாலும் தேறாது. அவர் அன்று காலையில் பசியாறியதுகூடத் தேறாது.

போராட்டங்களைப் பற்றிப் பேசும்போது அதிகம் பேசப்படாத சங்கதி ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. ஒரு பருவம் வீணானால் வசதியான வீட்டுப் பிள்ளை இன்னொரு பருவம் படித்துக்கொள்ளும். இபிஎஃப் பணத்தில் போனவனுக்கு விசாவும் வாடகையும் காத்திருக்காது. கூடாரத்தில் போய் உட்கார்ந்து கைதானாலும் அவன் பாடுதான் திண்டாட்டம். போராடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதில் தப்பே இல்லை. அதே சமயம், அவர்களும் சும்மா விளையாடவில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், சிலர் படிப்பையே இழந்தார்கள்.

சரி, உங்கள் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வழியை மறித்தது மாணவர்கள். தேர்வை இணையத்துக்கு மாற்றியதும் விழாவை ரத்து செய்ததும் நிர்வாகம். கொலம்பியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 17ஆம் தேதி அங்கே கூடாரம் முளைத்தது ஒரு புல்வெளியில். மறுநாளே நிர்வாகம் போலீசை அழைத்து நூறு பேருக்கு மேல் கைது செய்ய வைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் நாடு முழுக்க வளாகங்களில் கூடாரங்கள் வந்தன. மாணவர்கள் ஹாமில்டன் மண்டபத்தின் கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்தது ஏப்ரல் 30. மே மாதம் பொதுப் பட்டமளிப்பு விழா ரத்து. முதல் நாளே பேச்சுவார்த்தையோடு நின்றிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் உங்கள் கோபத்தில் பாதியாவது நிர்வாகத்தின் விலாசத்துக்குப் போக வேண்டியது.

மறியல் என்றாலே உங்களுக்கு இப்போது எரிச்சல் வருகிறது இல்லையா? அதனால்தான் டப்ளினில் நடந்ததைச் சொல்கிறேன். டிரினிட்டி கல்லூரியில் 1,200 ஆண்டுகள் பழைய கெல்ஸ் நூல் என்ற ஓவியச் சுவடி இருக்கிறது. அதைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கல்லூரிக்கு நல்ல வருமானம். மாணவர்கள் முன்னமே அந்த வாசலை மறித்தார்கள் என்று கல்லூரி அவர்களுடைய சங்கத்துக்கு 2,14,000 யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. எங்கே வலிக்கிறது என்று நிர்வாகமே ரசீது எழுதிக் கொடுத்த மாதிரிதான்! 2024 மே 3ஆம் தேதி கூடாரம் போட்டவர்கள் மறுபடியும் அதே வாசலைத்தான் மறித்தார்கள். மே 8ஆம் தேதி உடன்பாடு. ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதியில் தொழில் செய்வதாக ஐநா பட்டியலிட்ட இஸ்ரேலிய நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்கிக்கொள்ளக் கல்லூரி ஒப்புக்கொண்டது. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

இதே கொலம்பியாவில் 1985இலும் ஒரு மறியல் நடந்தது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவோடு வியாபாரம் செய்யும் கம்பெனிப் பங்குகளை விற்றுவிடச் சொல்லி, மூன்று வாரம் ஹாமில்டன் மண்டபத்தின் முன்வாசலை அடைத்தார்கள். வேறு வழியாக உள்ளே போக முடிந்தது. அந்த அக்டோபரில் பல்கலைக்கழகம் பங்குகளை விற்க முடிவு செய்தது. இரண்டு இடத்திலும் கேட்டது நிர்வாகத்தின் கையில் இருந்த ஒன்று, இடைஞ்சலும் பெரும்பாலும் நிர்வாகத்துக்குத்தான். உங்கள் வளாகத்தில் கோரிக்கை போனது நிர்வாகத்துக்கு, அடைபட்டது உங்களைப் போன்றவர்களின் படிப்பு. அதிலும் நூலக வாசலில் நின்று ‘நீ எந்தப் பக்கம்’ என்று விசாரித்தது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. போரை எதிர்க்கிறவனுக்குச் சோதனைச் சாவடி நடத்தும் வேலை எதற்கு?

இதுவரை உங்கள் பக்கம்தான் வந்தேன். அவுக்கு விஷயத்தில் வர முடியாது.

1971இல் வந்த அந்தச் சட்டம் எதற்குப் பயன்பட்டது என்று பாருங்கள். 1974இல் ரப்பர் விலை விழுந்து கெடா மாநிலத்துப் பாலிங் வட்டாரத்தில் சிறுதோட்டக்காரர்கள் பட்டினி என்று செய்தி வந்தது. டிசம்பரில் மாணவர்கள் கோலாலம்பூரில் திரண்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைது. இளைஞர் தலைவராக இருந்த அன்வார் இப்ராஹிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு உள்ளே இருந்தார். மறு ஆண்டே அவுக்குவை இன்னும் இறுக்கினார்கள். (அதே அன்வார் 2023 அக்டோபரில் பிரதமராக புக்கிட் ஜாலில் அரங்கில் பாலஸ்தீனத்துக்காகப் பேசினார். இங்கே காஸாவுக்காகக் கத்துவதற்கு அதிகத் துணிச்சல் தேவையில்லை, அரசாங்கமே கூடக் கத்துகிறது.) 2010இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நேரத்தில் காரில் பிரச்சாரப் பொருள்கள் இருந்தன என்பதற்காகத் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் மேல் நடவடிக்கை பாய்ந்தது. அவர்கள் யாருடைய நூலகத்தை மறித்தார்கள்? 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நடவடிக்கைக்கு ஆதாரமான அவுக்குப் பிரிவு அரசமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. பிறகு சட்டமும் படிப்படியாகத் தளர்ந்திருக்கிறது.

நம்மவர்களுக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2009 மே மாதம் வன்னியில் நடந்ததைக் கேட்டு இங்கே கோயில்களில் கூடி அழுதோம். அந்த மாதக் கடைசியில் ஐநா மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் வந்தது. ஆதரித்து வாக்களித்த 29 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இந்தியாவும்தான். எனக்குத் தெரிந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் அன்று விடுதி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு காணொலி பார்த்தார்கள். வளாகத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுக்கக்கூட அவர்களுக்குப் பயம், பிடிபட்டால் உபகாரச் சம்பளம் போய்விடும் என்று. யாருக்கும் இடைஞ்சல் இல்லை, தேர்வுகளெல்லாம் குறித்த நேரத்துக்கு நடந்தன. நீங்கள் கேட்கும் அமைதி இதுதான் என்றால் எனக்கு அது வேண்டாம். அன்று அந்தப் பிள்ளைகள் வேந்தர் மண்டபத்தின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யாருடைய வகுப்பாவது கெட்டிருந்தால், நான் அவர்கள் பக்கம்தான் பேசியிருப்பேன்.

இடைஞ்சலே இல்லாத போராட்டம் கேட்கிறீர்களா, இல்லை உங்கள் தலையில் விடியாத போராட்டம் கேட்கிறீர்களா? கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்பது இரண்டாவது என்றுதான் எனக்குப் படுகிறது. அது நியாயமான ஆசை. அதற்குச் சட்டம் தேவையில்லை, போராடுகிறவர்களுக்குக் கொஞ்சம் யோசனை இருந்தால் போதும்.

தூதரகக் கூட்டத்துக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். புலனக் குழுவில் நல்ல பெயர் வாங்குவதற்காக மட்டும் போகாதீர்கள். போவதானால் அம்பாங் பார்க்கில் எல்ஆர்டி ரயிலை விட்டு இறங்கி நடந்துவிடலாம், காரை எடுக்காதீர்கள். தூதரகம் இருக்கும் அதே துன் ரசாக் சாலையில்தான் ஐஜேஎன் இருதய மருத்துவமனையும் இருக்கிறது. ஆம்புலன்ஸ் போக ஒரு தடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்களா என்று போனதும் பாருங்கள். விட்டிருந்தால் நின்று கோஷம் போடுங்கள். விடவில்லை என்றால் ஏற்பாட்டாளரிடம் போய்ச் சொல்லுங்கள், ‘நீ எந்தப் பக்கம்?’ என்று அவர் கேட்டாலும் பரவாயில்லை.