ஸ்டெல்வியோ கணவாயில் சைக்கிள்: கேட்டதும் சொன்னதும்

இத்தாலியின் வடக்கு ஓரத்தில், சுவிஸ் எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது ஸ்டெல்வியோ. சாலை போட்ட ஆல்ப்ஸ் கணவாய்களில் உயரத்தில் இரண்டாவது. முதலிடம் பிரான்சின் இஸெரானுக்கு. இதைச் சைக்கிளில் ஏறுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நான் வசிப்பதும் அந்த வட்டாரத்தில்தான், கோடை முழுக்க அந்தச் சாலையில்தான் கிடப்பேன். அதனால் சைக்கிள் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில். விசா, விடுதி, விமான டிக்கெட் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

கோவையிலிருந்து: மேலே போக மூன்று வழி உண்டாமே, முதல் தடவை போகிறவன் எந்தப் பக்கம் ஏறுவது?

பிராட் பக்கம். யோசிக்கவே வேண்டாம். பிராட் ஊர் 900 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது, உச்சி 2757 மீட்டர். இடையில் 24 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான சாலை, சராசரி ஏற்றம் 7.4 சதவீதம், எண் போட்ட 48 கொண்டை ஊசி வளைவுகள். எண்கள் கீழிருந்து மேலே குறைந்துகொண்டே வரும்: 48 முதலில், 1 உச்சிக்குக் கீழே.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, எல்லோரும் அதில்தான் விழுகிறார்கள். முதல் ஆறு கிலோமீட்டர், கோமகோய் வரைக்கும், ஆற்றங்கரையோரம் சாதுவாகப் போகும் சாலை. வளைவே இருக்காது, 48-ஆம் எண்ணே கோமகோய் தாண்டித்தான் வரும். காலையில் கால் புதிதாக இருக்கும், பக்கத்தில் யாராவது முந்துவார், நாமும் அழுத்துவோம். அந்த அழுத்தலுக்கான விலையை டிராஃபோய் கிராமத்துக்கு மேலே கொடுப்போம். டிராஃபோய் 1543 மீட்டர். அங்கிருந்து உச்சிக்கு இன்னும் 14 கிலோமீட்டர், 1200 மீட்டர் ஏற்றம். அதாவது சராசரி எட்டரை சதவீதத்துக்கு மேல், மூச்சு வாங்க ஒரு சமதளம்கூடக் கிடையாது. அதனால் டிராஃபோய் வரை பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்திலேயே போங்கள். டிராஃபோயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு காடு. இடது பக்கம் 3905 மீட்டர் ஓர்ட்லர் சிகரமும் அதன் பனிப்பாறைகளும் மரங்களுக்கிடையே தெரிந்து மறையும். 2188 மீட்டரில் ஃபிரான்சன்ஸ்ஹோ என்ற பழைய விடுதி. அந்த உயரத்தில் மரங்கள் விட்டுப்போய், மீதிச் சாலை முழுவதும் ஒரே மலைச் சுவரில் மடிந்து மடிந்து உச்சி வரை எழும்பி நிற்பதைப் பார்ப்பீர்கள். பலருக்கு மனம் உடைவது அங்கேதான். தூரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இன்னும் ஏழு கிலோமீட்டர்தான், ஏற்றமும் காட்டுக்குள் இருந்ததைவிடச் சற்றுக் குறைவு.

மறுபக்கத்து ஊரான போர்மியோவிலிருந்து ஏறும் வழியும் அழகுதான். சுமார் 21 கிலோமீட்டர், 1500 மீட்டர் ஏற்றம். ஆனால் அங்கே இருட்டான, குறுகலான குகைப்பாதைகள் உண்டு. முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் போகாதீர்கள். மூன்றாவது வழி சுவிஸ் பக்கத்து உம்பிரைல், அது கீழே வருகிறது.

சென்னையிலிருந்து: என் வண்டியில் பின்னால் 28 பல்தான் பெரியது. போதுமா?

போதாது. கணக்கைப் பாருங்கள். நல்ல பயிற்சி உள்ள சாதாரண ஆள் மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறுவார். 75 கிலோ எடையுள்ள ஆள் தன் வண்டியோடு அப்படி ஏற சுமார் 155 வாட் வேண்டும், அதுவும் மூன்று மணி நேரம் தொடர்ந்து. அந்த வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் போட்டால் நிமிடத்துக்கு 53 மிதிதான் வரும், முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். பின்னால் 32 போட்டால் 60. 34 இருந்தால் இன்னும் நல்லது. வேகமாக ஏறுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், கடைசி கியர் மிச்சமாக இருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை.

மதுரையிலிருந்து: பின்னால் 11 பல்லிலிருந்து 30 பல் வரை உள்ள 11-30 கேசட் இருக்கிறது, சமாளிக்கலாமா?

மேலே உள்ள பதில்தான். 32-க்கு மாற்றுங்கள்.

சூரிச்சிலிருந்து: அண்ணா, நாங்கள் சுவிஸில் இருக்கிறோம். எங்கள் பக்கத்திலிருந்து உம்பிரைல் வழியாக வரலாமா?

தாராளமாக. உங்களுக்கு அதுதான் வசதி. ரயிலில் செர்னெட்ஸ், அங்கிருந்து போஸ்ட் பஸ்ஸில் ஓஃபன் கணவாய் தாண்டி சாண்டா மரியா. அங்கே 1375 மீட்டரில் தொடங்கி 13 கிலோமீட்டரில் 2501 மீட்டருக்கு ஏற்றிவிடும் உம்பிரைல். சராசரியில் பிராட் பக்கத்தைவிடச் செங்குத்து. மேலே போர்மியோ சாலையோடு சேர்ந்து இன்னும் மூன்று கிலோமீட்டர் போனால் ஸ்டெல்வியோ உச்சி. உம்பிரைலில் நடுவே மண் சாலை என்று பழைய குறிப்புகள் சொல்லும். 2015-ல் அதையும் தார் போட்டுவிட்டார்கள், கவலை வேண்டாம்.

ஆனால் நான் சொல்வது வேறு: பிராட் வழியாக ஏறி, உம்பிரைல் வழியாக சாண்டா மரியாவுக்கு இறங்கி, முஸ்டைர், குளுர்ன்ஸ் வழியாகப் பள்ளத்தாக்கிலேயே பிராட்டுக்குத் திரும்புங்கள். இறக்கத்தில் வண்டிகள் குறைவு. உம்பிரைல் ஏறும்போது மஞ்சள் போஸ்ட் பஸ் வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள், சுவிஸ் மலைச்சாலையில் அதற்குத்தான் முன்னுரிமை என்று உங்களுக்கே தெரியும்.

பெங்களூரிலிருந்து: புல்லட் வாடகைக்கு எடுத்து இந்தச் சாலையில் போக ஆசை, எங்கே கிடைக்கும்?

இது சைக்கிள்காரர்களுக்கான இடம், நண்பரே. மோட்டார் சைக்கிள் ஆட்களிடம் கேளுங்கள்.

நாமக்கல்லிலிருந்து: கொல்லிமலையில் 70 வளைவு ஏறியிருக்கிறேன். 48 எனக்குப் பெரிதா?

வளைவை எண்ணாதீர்கள், உயரத்தை எண்ணுங்கள். கொல்லிமலை அருமையான பயிற்சி, நம்மூரில் அதைவிட நல்லது கிடைப்பது கடினம். ஆனால் அங்கே ஏறுகிற உயரம் ஸ்டெல்வியோவில் ஏறக்குறைய பாதிதான். ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இறங்குங்கள், இரண்டாவது ஏற்றம் முதலாவதைவிட ரொம்பப் பின்தங்காமல் வந்தால் நீங்கள் தயார். இன்னொன்று: கொல்லிமலையில் இறங்கும்போது வேர்க்கும். இங்கே இறங்கும்போது விரல் மரத்துப்போகும்.

திருச்சியிலிருந்து: ஜூலையில் போகிறேன், கோடைதானே, ஜாக்கெட் எதற்கு வீண் சுமை?

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறார்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும். பிராட்டில் 24 டிகிரி என்றால் உச்சியில் 12. ஏறி நனைந்த பனியனோடு, மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில், மிதிக்காமல் சும்மா உட்கார்ந்து அரைமணிக்கு மேல் இறங்கப்போகிறீர்கள். உடம்பு சூடு தயாரிப்பதை நிறுத்திவிட்டது, காற்று இருப்பதையும் எடுத்துக்கொண்டு போகிறது. கை நடுங்கினால் பிரேக் பிடிக்க முடியாது. காற்று புகாத ஜாக்கெட், முழு விரல் கையுறை, மாற்று உள்பனியன். இந்த மூன்றும் இல்லாதவர் ஏற வேண்டாம். ஒன்றுமே கிடைக்காவிட்டால் பழைய பந்தய வீரர்கள் செய்தது போல ஒரு செய்தித்தாளை மார்புக்குள் செருகிக்கொள்ளுங்கள். அது உண்மையாகவே வேலை செய்யும்.

ஜாக்கெட்டை நின்று போடுங்கள். ஜிரோ என்ற மூன்று வார இத்தாலியச் சைக்கிள் பந்தயத்தில், 2020-ல், ஜெய் ஹிண்ட்லி உச்சிக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே ஜாக்கெட்டுக்குள் கையை நுழைக்கப் பட்ட பாட்டை உலகமே பார்த்தது. அன்றைய கட்டத்தை, அதாவது அந்த ஒரு நாள் ஓட்டத்தை, வென்றவரே அவர்தான். அவருக்கே அந்தப் பாடு.

சேலத்திலிருந்து: இறக்கத்தில் என்ன பெரிய விஷயம்? பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் போச்சு.

கூடாது! பிடித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். ரிம் பிரேக்கும் கார்பன் சக்கரமும் என்றால் ரிம் இளகும், டியூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக்கும் விதிவிலக்கல்ல, பேட் சூடேறிப் பிடிப்பு குறையும். நேர்ச் சாலையில் வேகத்தை விடுங்கள், காற்றே பாதி பிரேக். வளைவுக்கு முன்பு, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட்டுத் திரும்புங்கள். வெளிப்பக்கக் கால் கீழே, கண் வளைவின் முடிவில்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் தனியாக இரண்டு. ஒன்று, வாடகை வண்டியில் முன் பிரேக் பெரும்பாலும் இடது கையில் இருக்கும். நம்மூரில் வலது கையில் முன் பிரேக் பிடித்துப் பழகிய ஆள் பதற்றத்தில் இடது கையை இறுக்கினால், பின் சக்கரம் பூட்டும் என்று நினைத்த இடத்தில் முன் சக்கரம் பூட்டும், தலைகீழாகப் போவார். வாடகைக் கடை வாசலிலேயே நாலு தடவை பிடித்து விட்டுப் பாருங்கள், கைக்குப் பழகவில்லை என்றால் பிரேக்கை மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டு, அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஏறும்போது மறக்காது. உச்சியில் காபி குடித்துவிட்டு மறுபடி சாலைக்கு வரும்போதுதான் கை தன்னால் இடது பக்கம் திருப்பும்.

புதுச்சேரியிலிருந்து: இறக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2014-ல் கொலம்பிய வீரர் கிண்டானா இதே இறக்கத்தில் ஏமாற்றித்தானே ஜிரோவை ஜெயித்தார்?

ஏமாற்றினார் என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நடந்தது இது: கட்டம் 16, காவியா கணவாய் ஏறி, அப்புறம் போர்மியோ பக்கமாக ஸ்டெல்வியோ ஏறி, பிராட் பக்கம் இறங்கி மார்டெல்லோ பள்ளத்தாக்கில் முடிவு. உச்சியில் பனி கொட்டியது. முதல் சில வளைவுகளில் சிவப்புக் கொடியோடு மோட்டார் சைக்கிள்கள் முன்னால் போகும் என்று பந்தய வானொலியில் செய்தி போனது. இறக்கத்தில் பந்தயம் நிறுத்திவைக்கப்பட்டது என்று சில அணிகள் புரிந்துகொண்டன, இல்லை என்று சில. ட்விட்டரிலும் அறிவிப்பு வந்து, பிறகு மறுக்கப்பட்டது. அதுவரை முதலிடத்தில் இருந்த உரான் அணிந்திருந்த, முதலிடத்துக்கான இளஞ்சிவப்புச் சட்டை அன்று மாலை கிண்டானாவிடம்.

மீண்டும் புதுச்சேரி: மற்றவர்கள் நின்று உடை மாற்றினார்கள், இவர் நிற்கவில்லை. இது அநியாயம் இல்லையா?

இவர் ஒருவர்தானா போனார்? ஹெஷெடால் போனார், ரோலான் போனார். செய்தி குழப்பம் என்றால் குற்றம் செய்தியை அனுப்பியவர்களுடையது. கடைசி ஏற்றத்தில் இடைவெளி இன்னும் வளர்ந்து, உரான் நாலு நிமிடத்துக்கு மேல் பின்தங்கினார். அது முழுவதும் கொடியால் வந்ததல்ல, காலால் வந்தது.

ஈரோட்டிலிருந்து: இறக்கத்தில் கிடைத்த முன்னிலை இல்லாவிட்டால் அந்த ஏற்றத்தில் உரானும் அணி உதவியோடு துரத்தியிருப்பார். அதை எப்படித் தள்ளிவிடுகிறீர்கள்?

தள்ளிவிடவில்லை. இதுதான் இந்த வாதத்திலேயே வலுவான புள்ளி, ஒப்புக்கொள்கிறேன். அன்றைய நேர வித்தியாசத்தில் ஒரு பங்கு குழப்பத்தின் பரிசு. ஆனால் சில நாள் கழித்து மோன்டே கிராப்பா ஏற்றத்தில் தனி ஆளாக, கடிகாரத்துக்கு எதிராக ஓட்டிய கட்டத்தையும் கிண்டானாதான் வென்றார். அங்கே கொடியும் இல்லை, வானொலிக் குழப்பமும் இல்லை. அந்த ஜிரோவில் மலையில் அவரைவிட வலுவானவர் இல்லை என்பது என் முடிவு. எனக்கு அந்த நாளில் பெரிதாகப் படுவது வேறொன்று: உலகத்தின் சிறந்த வீரர்கள், பின்னால் கார் நிறைய உடை, அப்படியும் குளிரில் நடுங்கி இறங்கினார்கள். திருச்சிக்காரர் இதையும் படிக்கட்டும்.

1953 பற்றி இத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே. ஜிரோ முதன்முதலில் இந்தக் கணவாய்க்கு வந்த வருடம். முடிய ஒரு நாள் இருக்கும்போது, முதலிடத்தில் இருந்த சுவிஸ் வீரர் கோப்லெட்டை இதே பிராட் பக்க வளைவுகளில் விட்டுவிட்டு ஏறி, தோற்றுவிட்டதாக எல்லோரும் நினைத்த பந்தயத்தை எடுத்துக்கொண்டார் இத்தாலிய வீரர் கோப்பி. ஜிரோவின் மிக உயரமான இடத்துக்கு இன்றும் ‘கோப்பி சிகரம்’ என்றுதான் பெயர்.

தஞ்சாவூரிலிருந்து: ஏற்றம் ஏன் எங்குமே ரொம்பச் செங்குத்தாக இல்லை? வேறு மலைகளில் 15 சதவீதம்கூட வருகிறதே.

நல்ல கேள்வி. குதிரை வண்டிக்காகப் போட்ட சாலை இது. லொம்பார்டி ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தபோது, அதை டைரோலோடு இணைக்க கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் 1820-லிருந்து 1825-க்குள் கட்டினார். பாரம் இழுக்கும் குதிரை தாங்குகிற சரிவுக்கு மேல் போகக்கூடாது என்பதால்தான் இத்தனை மடிப்புகள். நமக்கும் அதில் லாபம், ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டே போகலாம். வலது பக்கம் திரும்பும் வளைவில் நீங்கள் உள்பக்கம் இருப்பதால் அங்கே மட்டும் சட்டென்று செங்குத்தாகும். எழுந்து நின்று நாலு மிதி, மறுபடி உட்காருங்கள். இடது வளைவு வெளிப்பக்கம், சமதளம் மாதிரி இருக்கும், அங்கே தண்ணீர் குடியுங்கள்.

வேலூரிலிருந்து: 11-28 போதுமா அண்ணா?

32. இனி கியர் கேள்விக்குப் பதில் இல்லை.

கோலாலம்பூரிலிருந்து: மின்சார சைக்கிளில் போனால் மதிப்பு இருக்கிறதா?

மலை எல்லோருக்கும்தான். பேட்டரியை டிராஃபோய்க்குக் கீழே செலவழிக்காதீர்கள். வண்டி கனம் என்பதால் இறக்கத்தில் சேலத்துக்காரருக்குச் சொன்னதை இரண்டு மடங்கு கவனமாகப் படியுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: எந்த மாதம், எத்தனை மணிக்குக் கிளம்புவது?

பொதுவாக மே கடைசி அல்லது ஜூனில் திறந்து, இலையுதிர் காலத்தில் பனி விழுந்ததும் மூடுவார்கள். செப்டம்பர் முதல் பாதி எனக்குப் பிடித்தது. ஜூலை, ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், மோட்டார் சைக்கிள் கூட்டம் தாங்காது. கோடைக் கடைசியில் ஒரு நாள் மோட்டார் வண்டிகளை நிறுத்தி முழுச் சாலையையும் சைக்கிளுக்கே விடுவார்கள், தேதி ஒத்துவந்தால் விடாதீர்கள். மற்ற நாளில் காலை ஏழு மணிக்குள் பிராட்டை விட்டுவிடுங்கள். மதியத்துக்கு மேல் இடி மழை வரும் நாட்கள் உண்டு, அதற்குள் நீங்கள் மேலே போய், உடை மாற்றி, இறக்கத்தையும் முடித்திருக்க வேண்டும். மெரானோவிலிருந்து பள்ளத்தாக்கு ரயிலில் ஸ்பொண்டினிக் நிலையத்தில் இறங்கினால் பிராட் பக்கத்திலேயே இருக்கிறது.