பாலத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: ஓடையின் மீதுள்ள பழைய சிறு கான்கிரீட் பாலத்தில் ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் வேலைப்பாட்டுடன் இருக்கிறது, மறுபக்கம் வெறும் இரும்புக் குழாய்தான். கல்வெட்டு எதுவும் இல்லை. இது பிற்காலத்தில் மாற்றப்பட்ட பாலமா? இப்போது முழுவதும் சிமென்ட் பூசப் போகிறார்கள், அது சரிதானா?

பதில்: உங்கள் பாலம் குழாய் உள்ள பக்கமாக அகலப்படுத்தப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் போவதற்குக் குறுகலாகக் கட்டிய பாலங்கள் பலவற்றில், மோட்டார் வாகனங்கள் பெருகியபோது, ஒரு பக்கத்துக் கைப்பிடிச் சுவரை இடித்துவிட்டுப் பழைய தளத்தை ஒட்டியே புதிய தளத்தை வார்த்தார்கள். மேலே தார் போட்ட பிறகு இரண்டும் ஒன்றாகவே தெரியும். அடிப்பக்கத்தை மறைக்க மட்டும் யாரும் மெனக்கெடுவதில்லை. நீர் வற்றிய நாளில் டார்ச் விளக்குடன் அங்கே சென்று அண்ணாந்து பாருங்கள். பழைய பகுதியில், வார்ப்புக்கு முட்டுக் கொடுத்த மரப்பலகைகளின் அச்சு, சில இடங்களில் மரத்தின் ரேகையும் கணுவும்கூடத் தெரியும்படி, பட்டை பட்டையாகப் பதிந்திருக்கும். பிளைவுட்டோ இரும்புத் தகடோ வைத்து வார்த்த பகுதி வழவழப்பாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே சாலையின் போக்கிலேயே ஒரு நேர்க்கோடும், அதன் வழியே கசிந்த நீர் விட்டுச்சென்ற வெள்ளைச் சுண்ணாம்புப் படிவும் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. புதிய கான்கிரீட் உலரும்போது சுருங்கும். பழையது சுருங்கி முடித்து வெகுகாலம் ஆகியிருக்கும். ஆகையால் விரிசல் அந்தக் கோட்டில்தான் முதலில் விழும்.

காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், முறுக்கிய சதுரக் கம்பியா என்று பாருங்கள்; அது பழைய வகைக் கம்பி. பொறியாளர் எர்னஸ்ட் ரான்சம் 1884-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1889-இல் அவர் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் கட்டிய சிறு பாலம் 1906-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது. கைப்பிடியின் வேலைப்பாடும் அலட்சியப்படுத்தத் தக்கதன்று: பூந்தொட்டிகளைச் சிமென்ட்டும் கம்பிவலையும் கொண்டு செய்த தோட்டக்காரர் மோனியே, 1875-இல் பிரான்சின் ஷாஸலேயில் கட்டிய பாலத்தின் கைப்பிடியை மரக்கிளைகளைப் போலவே வடித்தார். பாலத்தை மாற்றும்போது முதலில் அழிவது இத்தகைய கைவேலைதான் என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

பூச்சுக்கு அவசரப்பட வேண்டாம். புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைப் போக்கியதும், ஈரம் பட்ட கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலுள்ள காரையைப் பிளந்து தள்ளுகிறது. அதன் மேல் பூசுவது பிளவை மறைக்குமே தவிர நிறுத்தாது. புதிதாக உடைத்த முகப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். போன இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத அந்தப் பட்டை கம்பி வரை எட்டிவிட்டதா என்று ஒரு பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே பூச்சைப் பற்றி முடிவெடுக்கச் சொல்லுங்கள். அதற்குள் இணைப்புக் கோட்டையும் பலகை அச்சையும் கைப்பிடியையும், பக்கத்தில் அளவுகோல் வைத்து, நீங்களே படம் எடுத்துவிடுங்கள்.