23 லேயர் போட்ட பெண்ணுக்கு எதற்கு மேனேஜ்மென்ட் சீட்?

அக்கா, போன வாரம் நீங்களும் அண்ணனும் திருப்பூரிலிருந்து வந்து உட்கார்ந்தபோது ஆறுதலாகத்தான் பேசினேன். பிள்ளை எங்கும் கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள் என்றேன். ஊருக்குப் போனதும் பெரியப்பா மறுபடி பிடித்துக்கொண்டார், மகளின் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார் என்று நேற்று போனில் அழுதீர்கள். இனி ஆறுதல் வேண்டாம். அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

8 லட்சம் கடன் வாங்கப் போவதாகச் சொன்னீர்கள். 11 சதவீத வட்டியில் 7 வருடம் கட்டினால் மாதத் தவணை சுமார் 13,700 ரூபாய். மொத்தம் பதினொன்றரை லட்சம் கட்டி முடிப்பீர்கள், படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி அதற்கு மேல். அண்ணனின் கட்டிங் மாஸ்டர் சம்பளத்தில் வாடகையும் சின்னவன் பள்ளிக் கட்டணமும் போக இது எங்கிருந்து வரும்? பெரியப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்து அண்ணனுடையது. அதோடு, கோடிங் பிடிக்கவில்லை என்று உங்கள் மகள் என்னிடம் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் நீங்கள் அவள் பேச்சை மறித்தீர்கள்.

அன்று அவள் பென் டிரைவில் கொண்டுவந்த ஒரு ஃபைலை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆன்லைனில் விற்கும் சட்டைக்காக அவள் செய்த படம் அது. அதில் 23 லேயர் இருந்தன, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 23 தனித்தனிப் பட அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் வைத்திருந்தாள்: ‘காலர் உள்பக்கம்’, ‘பொம்மை கழுத்து மறைப்பு’, ‘கை நிழல்’. மற்றவர்களுக்கு அது வெறும் படமாகத் தெரியும், கம்பெனிக்காரன் பார்ப்பது இந்த ஒழுங்கை.

அவள் செய்ததைச் சொல்கிறேன், அண்ணனுக்கு உடனே புரியும். ஆள் இல்லாமலே ஆள் போட்டது மாதிரி சட்டை நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சட்டையைப் பொம்மைக்குப் போட்டு ஒரு படம் எடுப்பார்கள். கழுத்தின் உள்பக்கமும் லேபிளும் தெரிகிற மாதிரி இன்னொன்று எடுப்பார்கள். இரண்டாவதை அடியில் வைத்து, மேலே இருக்கும் படத்தில் பொம்மையின் கழுத்தை மட்டும் மாஸ்க்கால் மறைத்தால் உள்காலர் தெரியும். மாஸ்க்கில் கறுப்புத் தடவிய இடம் மறையும், வெள்ளை தெரியும், சாம்பல் நிறம் அரைகுறையாகக் காட்டும். அழிப்பானால் அழித்தால் அந்த இடம் போனது போனதுதான். மாஸ்க் எதையும் அழிப்பதில்லை, வெள்ளையைத் தடவினால் மறைத்தது திரும்ப வந்துவிடும். துணியை வெட்டாமல் மடித்துத் தைப்பது மாதிரி. நாளைக்கே சட்டை வாங்கும் பையர் “காலரை அரை இஞ்ச் இறக்கு” என்றால், படத்தை முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை.

காலருக்கு அடியில் நிழல் வேண்டுமே. நிழலைத் தனி லேயரில் போட்டு, அதைக் கீழே உள்ள படத்தோடு கலக்க மல்டிப்ளை என்ற முறையை வைத்திருந்தாள். கணினிப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 0 முதல் 255 வரை எண் உண்டு, எண் குறைந்தால் இருட்டு. மல்டிப்ளை என்பது மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ளதையும் பெருக்கி 255-ஆல் வகுப்பது. 128-ஐ 128-ஆல் பெருக்கி வகுத்தால் 64, அதாவது இருட்டு கூடும். வெள்ளை 255 என்பதால் அது எதையும் மாற்றாது. துணியின் நெசவு மறையாமல் நிழல் மட்டும் படிவது இதனால்தான். கணக்கில் மதிப்பெண் குறைவு என்று நீங்கள் குறைப்பட்ட பெண், இதைத் தாளில் எழுதி எனக்கு விளக்கினாள், அக்கா.

இதையெல்லாம் இப்போது ஏஐ செய்துவிடுமே என்று அண்ணன் கேட்டார். நியாயமான பயம். பின்னணியை வெட்டிக் கொடுக்கும் வேலைக்கு மதிப்பு குறைந்துகொண்டே போகிறது, அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் படத்தில் தெரியும் மெரூன் வேறு, அட்டைப்பெட்டியில் அச்சாகி வரும் மெரூன் வேறு என்று தெரிந்து, அதைச் சரிசெய்து பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும். திரைக்கு சிவப்பு, பச்சை, நீல ஒளி கலக்கும் ஆர்ஜிபி, அச்சுக்கு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை கலக்கும் சிஎம்ஒய்கே. இரண்டுக்கும் நடுவே எவ்வளவோ வேலை இருக்கிறது, திருப்பூரிலும் சிவகாசியிலும்.

அதனால் நான் சொல்லும் வழி பிரிண்டிங் டெக்னாலஜி டிப்ளமோ. நம் வீடுகளில் யாரும் இதை வாயில்கூட எடுப்பதில்லை. சென்னை தரமணியில் இதற்கென்றே ஒரு பாலிடெக்னிக் இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவள் என்பதால் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கு முயலலாம். இந்த வருட விதியையும் கட்டணத்தையும் விடுதியையும் நேரில் போய்க் கேளுங்கள். டிப்ளமோ முடித்து பி.இ. வேண்டும் என்றால் அதிலும் நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு. அப்போதும் இன்ஜினியர் ஆகலாம், பெரியப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். தொடக்கச் சம்பளம் சாப்ட்வேர் கம்பெனி அளவுக்கு வராது, இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் மாதம் 13,700 தவணை தலையில் இல்லாத பெண்ணுக்கு அந்தச் சம்பளம் முழுசாகக் கைக்கு வரும்.

ஒரு எச்சரிக்கை. லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு ஆறு மாதத்தில் போட்டோஷாப் சொல்லித்தரும் இடங்களில் சேர்த்துவிடாதீர்கள். போட்டோஷாப் மாதிரியே படம் திருத்தும் மென்பொருள்களான ஜிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசம். இரண்டிலும் லேயர், மாஸ்க், மல்டிப்ளை எல்லாம் உண்டு. வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரே போதும். செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால் நிறம் ஒழுங்காகக் காட்டும் ஒரு மானிட்டர் வாங்கிக் கொடுங்கள்.

ஜூன் வரை அவள் பத்துப் படம் செய்யட்டும். கறுப்புச் சட்டை ஒன்று, சரிகைச் சேலை ஒன்று, தலைமுடி பறக்கும் மாடல் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், கஷ்டமானவை இவைதான். முடிந்த படம் மட்டும் போதாது, லேயரோடு ஃபைலையும் வைக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாருங்கள், பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு. அந்த ஃபைலை அவளே அவருக்குத் திறந்து காட்டட்டும், நடுவில் நீங்கள் பேச வேண்டாம்.