கொள்ளு பினாங்கு மழையைத் தாங்குமா?

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கிருஷ்ணகிரியில் என் சித்தப்பா தண்ணீரே பாய்ச்சாமல் கொள்ளு எடுக்கிறார். பினாங்கில் இவ்வளவு மழை பெய்கிறதே, தொட்டியில் போட்டால் இன்னும் நன்றாக வருமா? ஊரிலிருந்து விதை கொண்டுவரலாமா?"

முளைக்கும் அம்மா, சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் துணை என்று நினைக்கும் மழைதான் கொள்ளுக்கு எதிரி.

கிருஷ்ணகிரி, தருமபுரி மானாவாரி நிலங்களில் புரட்டாசி, ஐப்பசியில் இதை விதைப்பார்கள். மண்ணில் இருக்கும் ஈரத்தைப் பிடித்து முளைத்து, மார்கழிப் பனியில் காய்த்து, மூன்றரை மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். முதல் மழை ஏமாற்றி ராகியும் நிலக்கடலையும் கைவிட்டுவிட்ட வருஷத்தில்கூட, பின்மழைக்கு இதைத் தூவிவிட்டால் ஏதாவது கைக்கு வரும். பருப்பு வீட்டுக்கும் சந்தைக்கும், காய்ந்த கொடி மாட்டுக்கு, வேர் முடிச்சில் சேரும் தழைச்சத்து அடுத்த பயிருக்கு. கிணறு இல்லாத விவசாயி இதை விடாமல் வைத்திருப்பது அதனால்தான். அங்கேயே இருக்கும் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 'பையூர் 1', 'பையூர் 2' என்று கொள்ளு ரகங்களே வந்திருக்கின்றன.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். நவம்பர் பிற்பாதியில் விதையுங்கள். ஜனவரி, பிப்ரவரியில்தான் பினாங்கில் மழை குறைவு. காய் முற்றுவது அப்போது அமைய வேண்டும். மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்து, தொட்டியின் அடியில் துளைகள் தாராளமாக இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மழை நேரடியாக விழாத, ஆனால் வெயில் படும் இடம் நல்லது. யூரியா வேண்டாம், போட்டால் கொடிதான் ஓடும். பயத்தங்காய் வளர்ந்த இடத்து மண் ஒரு பிடி கலந்தால், முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிரி அதிலேயே கிடைக்கும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் உருண்டைகள் தெரியும், நோய் என்று பயப்படாதீர்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இலையில் வெள்ளைப் பொடி படிந்தால்தான் கவலை, அது சாம்பல் நோய்.

இவ்வளவு செய்தும் ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி கிடைத்தால் அதிகம். ஒரு வேளை ரசத்துக்குக்கூட வராது! ஆசைக்கு வளருங்கள்; சாப்பாட்டுக்கு என்றால் பயத்தங்காயோ சிறகவரையோ போடுங்கள், இந்த மழைக்குப் பழகியவை.

விதையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். இறக்குமதி அனுமதி இல்லாத விதையை விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள். லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் உடைக்காத, வறுக்காத கொள்ளு வாங்கி, பத்து விதையை ஈரத்துணியில் கட்டிப் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் அதுவே போதும்.